சீனாய் மலையும் கிரேக்கத் தூண்களும்
குவின்லான் டெரியின் கட்டடப் பணி: ஒரு மதிப்பீடு

புதிய ஆலயம் ஒன்றைக் கட்ட முற்படும் சபை முதலில் கேட்கும் வினா பணத்தைப் பற்றியது. அடுத்தது உருவத்தைப் பற்றியது. முதல் வினாவுக்கு விடை காணக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன, காணிக்கைப் படைகள் நடத்தப்படுகின்றன. இரண்டாவது வினாவோ பெரும்பாலும் பக்கத்து ஊர் ஆலயத்தைப் போய்ப் பார்த்துவந்து ஒரே மாலையில் தீர்க்கப்பட்டுவிடுகிறது. இறையியல் கற்றவர்கள் இதனைப் பொறியாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கம். எனவே, கட்டடக் கலைஞர் ஒருவரே துணிந்து இறையியலின் எல்லைக்குள் நுழைந்து, தாம் கையாளும் தூண்களின் வடிவம் சீனாய் மலையில் மோசேக்கு அருளப்பட்ட வெளிப்பாட்டிலிருந்தே வந்தது என்று கூறும்போது, நாம் அதனைக் கேளாதார்போல் இருத்தல் தகாது. அவ்வாறு கூறியவர் இங்கிலாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் குவின்லான் டெரி. அவருடைய கூற்றை அவருடைய கட்டடங்களோடு ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டெரி 1937ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். அவர் கட்டடக்கலை பயின்ற 1950களின் இறுதியில், அலங்காரமற்ற காங்கிரீட்டும் கண்ணாடியுமே அறிவுடையோர் கொள்ளத்தக்கவை என்பது அக்கல்விக்கூடங்களில் ஐயத்துக்கு இடமற்ற கொள்கையாக இருந்தது. பழைய முறையில் வரைந்த மாணவன் பரிகசிக்கப்பட்ட காலம் அது. 1962இல் டெரி, எசெக்ஸ் மாநிலத்தின் டெடாம் என்னும் சிற்றூரில் பணிபுரிந்துவந்த ரேமண்ட் எரித்திடம் சேர்ந்தார். எரித்தும் காலத்தோடு ஒட்டாதவர். பழைய இலக்கணப்படி செங்கல் வீடுகளை அமைதியாகக் கட்டிவந்தவர். மாணவராக வந்தவர் சில ஆண்டுகளில் பங்காளியானார். இருவரும் சேர்ந்து ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் கட்டிய கிங்ஸ் வால்டன் பரி என்னும் மாளிகை 1971இல் நிறைவுற்றது. 1973இல் எரித் மறைந்தபோது அந்த அலுவலகம் டெரியின் பொறுப்பில் வந்தது.

அதன்பின் வந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜ் டவுனிங் கல்லூரியில் ஹோவர்ட் மண்டபம், அதனையடுத்து அதே கல்லூரியின் நூலகம். இலண்டன் ரீஜன்ட் பூங்காவில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாணியில் அமைந்த ஆறு மாளிகைகள். தேம்ஸ் நதிக்கரையில் ரிச்மண்ட் அலுவலகத் தொகுதி. தலைமை அமைச்சரின் டவுனிங் தெரு இல்லத்தில் மூன்று வரவேற்பறைகளின் உள்வேலை. பிரெண்ட்வுட் நகரில் ஒரு பேராலயம். 2005இல் மரபுவழிக் கட்டடக்கலைக்கான டிரீஹவுஸ் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. தம் கட்டடங்களை லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்து இராயல் அகாதெமியின் கோடைக்காலக் கண்காட்சிகளில் வைத்ததும் அவருடைய பழக்கம். கோடு கோடாகக் கையால் வெட்டிய அப்படங்களைக் காண்போர், இவர் எத்தகைய மனிதர் என்பதைக் கட்டடங்களைக் காணுமுன்னரே ஊகித்துவிடலாம்.

டெரி ஆங்கிலிக்கன் திருச்சபையின் சீர்திருத்த மரபில் உறுதியாக நிற்பவர். திருமறையை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர். 1980களின் தொடக்கத்தில் தூண் முறைகளின் தோற்றம் பற்றி அவர் எழுதியது, அவருடைய தொழில் நண்பர்களையே திகைக்கச் செய்தது. தூண் முறை என்பது தூணின் பாதம், உடல், தலை, அதன்மேல் கிடக்கும் உத்தரம் ஆகியவற்றின் அளவுகளையும் அணிவேலைகளையும் ஒருங்கே வரையறுக்கும் இலக்கணமாகும். நம் நாட்டுச் சிற்ப மரபில் குடம், பலகை, போதிகை என உறுப்புக்கு உறுப்பு அளவு கூறப்படுவதை இதற்கு ஒப்பிடலாம். டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்னும் மூன்றும் கிரேக்கர் வகுத்தவை என்பது பொதுவான கருத்து. இவை மனிதர் கண்டுபிடித்தவை அல்ல, ஆசாரிப்புக் கூடாரத்துக்கென்று தேவன் காட்டிய மாதிரியில் அடங்கியிருந்து, சாலொமோனின் ஆலயத்தின் வழியாகப் புறவினத்தாருக்குச் சென்றவை என்பதே டெரியின் கருத்து.

இது அவரே முதன்முதலாகச் சொன்னதன்று. ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு வில்லால்பாண்டோ, 1596க்கும் 1605க்கும் இடையே உரோமையில் வெளியான எசேக்கியேல் விளக்கவுரையில், தீர்க்கர் கண்ட ஆலயத்தைக் கிரேக்க உரோமத் தூண்களோடு மாபெரும் படங்களாக வரைந்து, அவ்விலக்கணத்தின் மூலம் சாலொமோனின் ஆலயமே என்று நிறுவ முயன்றார். 1741இல் இங்கிலாந்தில் பாத் நகரத்தை அழகுறக் கட்டிய மூத்த ஜான் வுட், புறமதத்தார் யூதரிடமிருந்து கட்டடக்கலையைத் திருடினர் என்று ஒரு நூலே எழுதினார். அவர் 1754இல் தொடங்கி, அவர் மகன் முடித்த வட்டவடிவ வீட்டுத் தொகுதியில் மூன்று தூண் முறைகளும் மூன்று அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றன. சீர்திருத்தத் திருச்சபையின் உறுதியான மகன் ஒருவர் இயேசு சபைக் குருவின் வாதத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டது வரலாற்றின் சிறு புன்னகை எனலாம்.

இனித் திருமறைப் பகுதியை நோக்குவோம். யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் 9ஆம், 40ஆம் வசனங்களில் மாதிரி என்று மொழிபெயர்க்கப்படும் எபிரெயச் சொல் 'தப்னீத்'. கட்டுதல் என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. மோசேக்கு ஏதோ ஒன்று கண்காணக் காட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டப்பட்டதில் எவ்வளவு எழுத்தில் நமக்குத் தரப்பட்டுள்ளது? எண்ணிக்கை, நீள அகலம், பொருள் ஆகியவையே. திரைச்சீலைக்கு நான்கு தூண்கள், அவை பொன்னால் மூடப்பட்டு வெள்ளிப் பாதங்களில் நிற்கின்றன. வாசலுக்கு ஐந்து தூண்கள், அவற்றின் பாதங்கள் வெண்கலம். நூறு முழ நீளமும் ஐம்பது முழ அகலமுமான பிராகாரத்தைச் சுற்றி நின்ற தூண்களுக்கு வெண்கலப் பாதங்களும் வெள்ளிப் பூண்களும். உட்செல்லச் செல்லப் பொருளின் மேன்மை கூடுகிறது என்பது உண்மை. தூண்களில் மூன்று தரங்கள் உண்டென்று கொள்ளவும் இடமுண்டு. மூன்று தரங்களைக் கண்டவுடன் மூன்று தூண் முறைகளைக் காண்பது டெரி போன்ற ஒருவருக்கு இயல்பே. ஆயினும் இவை சீத்திம் மரத்தாலான கூடாரக் கால்கள். துணியைத் தாங்க நட்டவை. பாளயம் எழும்பும்போது பிடுங்கி வண்டியில் ஏற்றப்பட்டவை. கல் உத்தரத்தைத் தாங்கும் தூணின் இலக்கணத்தை இவற்றிலிருந்து பெறுவது, வசனம் பேசாததை வசனத்தின் வாயில் வைப்பதாகும். திருமறையை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர் இதனைச் செய்ததே நமக்கு வருத்தம் தருவது.

சாலொமோனின் ஆலயத்தில் தூண்தலைகள் விரிவாகச் சொல்லப்படுகின்றன. பதினெட்டு முழ உயரமான யாகீன், போவாஸ் என்னும் வெண்கலத் தூண்களின்மேல் ஐந்து முழக் கும்பங்கள். அவற்றில் லீலிபுஷ்ப வேலை, வலைப்பின்னல்கள், மாதளம்பழ வரிசைகள் (1 இராஜாக்கள் 7). ஆனால் அவற்றை வார்த்தவன் யார்? தீரு நகரத்துத் தகப்பனுக்கும் நப்தலி கோத்திரத்து விதவைக்கும் பிறந்த ஈராம். ஆலயத்தின் கலைஞன் பாதி அயல்நாட்டான் என்பதைத் திருமறை ஆசிரியர் மறைக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. 1936இல் சிரியாவின் எல்லைப்பகுதியிலுள்ள தெல் தாயினாத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயிலும், ஐன் தாராவில் கண்டெடுக்கப்பட்டு 2018இல் வான்குண்டு வீச்சில் சிதைந்த கோயிலும், முகமண்டபம், நீண்ட நடு அறை, உள்ளறை என்ற அதே அமைப்பைக் கொண்டவை. இஸ்ரவேல் தன் அயலாரின் கட்டட மொழியிலேயே தன் தேவனுக்கு ஆலயம் கட்டியது என்பதே இவற்றால் தெரிகிறது.

இங்கே டெரிக்கு நேர்மை செய்வதும் நம் கடமை. மெகிதோ, சமாரியா, ஆத்சோர், ராமாத் ராகேல் ஆகிய இடங்களில் இஸ்ரவேல், யூதா அரசர்களின் காலத்துக் கல் தூண்தலைகள் கிடைத்துள்ளன. 2020இல் எருசலேமின் தெற்கே மேலும் சில வெளிப்பட்டன. பேரீச்சை ஓலை இருபுறமும் சுருண்டது போன்ற அவற்றின் வடிவம், கிரேக்கரின் அயோனிக் தூண்தலைக்கு நூற்றாண்டுகளால் முந்தியது. இஸ்ரேல் நாட்டின் ஐந்து ஷெக்கேல் நாணயத்தில் இவ்வடிவம் பொறிக்கப்பட்டுள்ளது. கிழக்கிலிருந்து மேற்குக்கு வடிவங்கள் சென்றன என்று டெரி சொன்னது முற்றிலும் கற்பனையன்று. ஆனால் அதே அகழ்வாய்வு எகிப்துக்கும் நம்மை அழைத்துச் செல்கிறது. பெனி ஹசன் குகைக் கல்லறைகளில் வரிவரியாகச் செதுக்கிய தூண்கள் மோசேக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. அவற்றைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் டோரிக் முறையின் முன்னோடி என்றே அவற்றை அழைத்தார். எகிப்தியக் கல்லறையில் நின்ற தூண் சீனாயில் வெளிப்படுத்தப்பட்டது என்று எவரும் சொல்லத் துணியார். வடிவங்கள் வணிகரின் மூட்டைகளோடும் தச்சரின் கருவிகளோடும் நாடு விட்டு நாடு சென்றன. அவற்றுக்குப் பிறப்புரிமை எந்த இனத்துக்கும் இல்லை.

இதனினும் முதன்மையானது புதிய ஏற்பாட்டின் தீர்ப்பு. எபிரெயருக்கு எழுதின நிருபம், மோசேக்குக் காட்டப்பட்ட மாதிரியைப் பற்றிய அதே வசனத்தை எடுத்து, கூடாரத்தைப் பரலோகத்திலுள்ளவற்றின் சாயலாகவும் நிழலாகவும் விளக்குகிறது (8:5). ஸ்தேவானும் தம் உரையில் அம்மாதிரியைக் குறிப்பிட்டு, மறுமூச்சில் உன்னதமானவர் கைகளினால் கட்டப்பட்ட ஆலயங்களில் வாசம்பண்ணுவதில்லை என்ற தீர்க்கதரிசனத்துக்குச் செல்கிறார் (அப். 7:44-50). யோவான் 1:14இல் வார்த்தையானவர் நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்னும்போது கிரேக்க மூலத்தில் உள்ள வினை கூடாரமடித்தலைக் குறிப்பது. மாதிரி ஒரு மனிதரில் நிறைவேறிவிட்டது. அதனைத் தூண்தலையில் தேடுவது, விடிந்த பின்னும் விளக்கின் நிழலை அளந்துகொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. கிரேக்கத் தூண் வெளிப்பாடென்றால், அத்தூண் இல்லாத ஆலயம் குறையுடையதாகிறது. வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல்லில் பேராயராகப் பணிபுரிந்த அசரியா, 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தம் பேராலயத்தை இந்து, இஸ்லாமியக் கட்டட மரபுகளின் கூறுகளையும் இணைத்து எழுப்பினார். டெரியின் அளவுகோலால் அளந்தால் அது ஒரு பிழை. நம் நாட்டில் அயல்நாட்டு மிஷனரிகள் கொணர்ந்த கூர்முனை வளைவுகளைப் பற்றி நாம் எத்தனையோ முறை முறையிட்டிருக்கிறோம். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் தங்களுக்குப் பழக்கமானதைக் கட்டினார்களேயன்றி, இதுவே தேவன் கட்டளையிட்ட வடிவம் என்று சொல்லவில்லை. டெரியின் கோட்பாடு அவர்களையும் மிஞ்சுகிறது.

கோட்பாட்டை மறுத்தபின் கட்டடங்களைத் தள்ளிவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. அதற்கான காரணம், டெரி பெரிதும் மதித்த அதே யாத்திராகமத்தில் இருக்கிறது. 26ஆம் அதிகாரத்தின் தூண்களில் நின்றுவிட்ட அவர் 31ஆம் அதிகாரத்துக்குப் போதிய கவனம் செலுத்தவில்லை. அங்கே தேவன் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்து, கல் வெட்டவும் மரம் செதுக்கவும் உலோகம் வார்க்கவும் தம் ஆவியினால் அவனை நிரப்புகிறார். தூணின் தலை எவ்வடிவம் என்பதைச் சொல்லாத நூல், தச்சனின் பெயரையும் அவன் தகப்பன், பாட்டன் பெயர்களையும் சொல்லுகிறது. 35:34இல் இன்னும் ஒன்று சேர்க்கப்படுகிறது: பெசலெயேலுக்கும் அகோலியாபுக்கும் பிறருக்குப் போதிக்கும் வரமும் அருளப்பட்டது. ஆவியானவரின் கொடை வடிவத்தின்மேல் அன்று, கைகளின்மேலும் கற்பித்தலின்மேலும் இறங்கியது. இந்த அதிகாரத்தின் ஒளியில் டெரியின் வாழ்வை வாசித்தால், அவருடைய கட்டுரையைவிட அவருடைய தொழிலே சிறந்த விளக்கவுரை என்று தோன்றுகிறது. ஊரார் நகைத்த ஒரு தொழிலை எரித் ஓர் இளைஞனுக்குக் கற்பித்தார். அவ்விளைஞர் அதனைத் தம் மகன் பிரான்சிசுக்கும் அலுவலகத்தில் சேர்ந்த பலருக்கும் கற்பித்தார்.

டெரியின் சிறந்த சுவர்கள் பருத்த செங்கற்சுவர்கள்; சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. சிமெண்டுச் சாந்தில் கட்டிய நீண்ட சுவர் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்குவதால் இடையிடையே இடைவெளி விடவேண்டும்; அவ்விடைவெளியை அடைத்த பசை சில பத்தாண்டுகளில் கெட்டுவிடும். சுண்ணாம்போ சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். அதில் உண்டாகும் நுண்ணிய வெடிப்புகள் காலப்போக்கில் தாமே கூடிக்கொள்ளும். எஃகையும் கண்ணாடியையும் உருக்கச் செலவாகும் எரிபொருளையும், அக்கட்டடங்களின் குறுகிய ஆயுளையும் கணக்கிட்டால் பழைய முறையே சிக்கனம் என்று, சுற்றுச்சூழலைப் பற்றிப் பலரும் பேசுமுன்னரே டெரி வலியுறுத்தினார். படைப்பைப் பேணுதல் பற்றி நாம் நடத்தும் கருத்தரங்குகளில் இத்தகைய கொத்தரின் அறிவுக்கு இடமளிப்பது குறைவு. நாமறிந்த ஒரு கிராமச் சபை, நூறாண்டு நின்ற சுண்ணாம்புச் சுவரையும் தேக்கு உத்தரங்களையும் இடித்துக் காங்கிரீட்டுக் கூரை போட்டது; இருபதே ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்து, ஆராதனை வேளையில் காரை உதிர்கிறது.

சென்னை எழும்பூரிலுள்ள புனித அந்திரேயா ஆலயத்தை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். இலண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் 1726இல் கட்டி முடித்த புனித மார்ட்டின் ஆலயத்தைத் தழுவி, டி ஹாவிலண்டு என்னும் படைப் பொறியாளர் எழுப்பி 1821இல் திறக்கப்பட்டது அது. உள்ளே கொரிந்தியன் தூண்களின்மேல் நீலக் குவிமாடம். தூணின் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆனால் இளகிய மண்ணில் அந்தப் பாரத்தை நிறுத்தியது இந்நாட்டார் அறிந்திருந்த கிணற்று அடித்தளம். தூண்களைப் பளிங்குபோல் மின்னச் செய்தது சென்னைக் கொத்தர் அரைத்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. அந்த ஆலயத்தில் பெசலெயேலைத் தேடுவோர் தூண்தலையைவிட அடித்தளத்தையே பார்க்கவேண்டும்.

இதே அளவுகோலால் டெரியின் கட்டடங்களையும் அளக்கலாம். 1988இல் திறக்கப்பட்ட ரிச்மண்ட் தொகுதி நதியிலிருந்து காண்போருக்குப் பல காலங்களில் பலர் கட்டிய தெருவாகத் தோன்றும். மக்கள் அதன் படிகளில் மகிழ்ந்து அமர்கின்றனர். ஆனால் பல முகப்புகளுக்கும் பின்னால் இருப்பது வழக்கமான அகன்ற அலுவலகத் தளங்களும் தொங்கு கூரைகளும் குளிர்சாதனமுமே. முகப்பு ஒன்று, உள்ளம் வேறொன்று. வெள்ளையடிக்கப்பட்ட கல்லறை என்று இதனைச் சாடுவது எளிது. நாம் அவ்வளவு தூரம் செல்லமாட்டோம். வாடகைக் கணக்குப் பார்த்த உரிமையாளர்கள் கேட்டதைக் கலைஞர் கொடுத்தார். எனினும், தூண் முறை தெய்வீகமானது என்று நம்பிய ஒருவர் அதனை இவ்வாறு முகமூடியாக்க எப்படி இசைந்தார் என்ற கேள்வி எழாமல் போகாது. ஒருவேளை, வடிவமே புனிதம் என்று கொண்டதனாலேயே வடிவம் மட்டும் இருந்தால் போதும் என்ற நிலைக்கு இறங்க முடிந்ததோ!

1991 மே 31இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பிரெண்ட்வுட் பேராலயம் இதனினும் மேலானது. உரோமன் கத்தோலிக்கருக்காகச் சீர்திருத்த மரபினர் ஒருவர் கட்டியது என்பதே பலருக்கு வியப்பு. 1861இல் எழுந்த பழைய கோதிக் ஆலயத்தின் ஒரு பகுதியைக் காத்து அதனோடு இணைத்திருக்கிறார். ஐந்து தூண் முறைகளும் அங்கே இடம்பெறுகின்றன. ஆனால் நம் கண்ணை நிறுத்துவது பீடத்தின் இடம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்திய வழிபாட்டுக்கு ஏற்ப, அது கூட்டத்தின் நடுவே, மேலிருந்து ஒளி விழும் கோபுரத்தின்கீழ் நிற்கிறது. பழைய இலக்கணம் புதிய வழிபாட்டுக்கு இடங்கொடுத்தது. சிலைநிழல் நிறைந்த இருளை எதிர்பார்த்துச் செல்வோர் அங்கே வெள்ளைச் சுவர்களையும் தெளிந்த பகலொளியையும் காண்பர்.

எனினும், இறையியல் மாணவன் ஒருவன் டெரியின் பணிகளுள் ஒன்றை மட்டுமே காண இயலுமானால், இலண்டன் நகரின் பிஷப்ஸ்கேட் புனித ஹெலன் ஆலயத்துக்கே அவனை அனுப்புவோம். கன்னியர் மடத்தின் பகுதியும் ஊர்ச் சபையின் பகுதியும் அருகருகே அமைந்த இடைக்கால ஆலயம் அது. 1992இலும் 1993இலும் அப்பகுதியில் வெடித்த ஐரியத் தீவிரவாதிகளின் குண்டுகளால் சேதமுற்றது. அங்கே கூடுவது திருவசனப் பிரசங்கத்தை நடுநாயகமாகக் கொண்ட சபை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பியர்சன் என்பவர் படிப்படியாக உயர்த்தி, தட்டியிட்டுப் பிரித்துவைத்த உள்ளமைப்பை மாற்ற டெரி திட்டமிட்டபோது, பழமை பேணுவோர் கடுமையாக எதிர்த்தனர்; வழக்கு திருச்சபை நீதிமன்றத்துக்குச் சென்று அனுமதி பெறவேண்டியதாயிற்று. தூண் முறைகளுக்காக வாழ்நாள் முழுதும் வாதாடிய மனிதர், தம் விசுவாசத்துக்கு மிக நெருங்கிய அந்தச் சபைக்கு முதன்மையாகச் செய்தது தூண் எழுப்பியதன்று. தட்டியை இடம் பெயர்த்தார்; ஏற்ற இறக்கமாயிருந்த தளத்தை ஒரே மட்டமாக்கினார். கன்னியர் பகுதியில் அமர்பவனும் ஊரார் பகுதியில் அமர்பவனும் இப்போது ஒரே தளத்தில் அமர்ந்து ஒரே பிரசங்கத்தைக் கேட்கின்றனர்.